மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

பெரியோர் சரித்திரங்களைப் படிப்பதனால் உண்டாகும் பயன் இருவகைத்து. அவர் பெருமையைக் கேட்டு மகிழ்வது ஒன்று. அப்பெருமைக்கும் நமக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்த்து நாணுவது மற்றொன்று. முதற்பயனை நாம் எளிதில் அடைந்துவிடுகிறோம். நம் குலத்தில் இன்னார் பிறந்தார், இன்ன பதவி வகித்தார் என்று கலியாணப் பந்தலிலும் ஆண்டு விழா மேடையிலும் சொல்லிக்கொள்வதில் நமக்கு என்றும் குறைவிருந்ததில்லை. இரண்டாவது பயனையே நாம் பெரும்பாலும் இழந்துவிடுகிறோம். அதனை நினைவூட்டும் பொருட்டு, வேளாளர் குடியிற் பிறந்து, கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்ந்து, நீதிபதியாகவும் நூலாசிரியராகவும் கொடையாளியாகவும் விளங்கிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சரித்திரத்தை இம்மாதம் நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் சுருக்கமாக எடுத்துரைக்கத் துணிந்தோம்.

பிறப்பும் கல்வியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கியமரியம்மாளுக்கும் புதல்வராக இவர் தோன்றினார். முன்னோர் காலத்திலேயே இவர் குடும்பத்தார் கத்தோலிக்க மார்க்கத்தைத் தழுவியிருந்தனர். தழுவிய போதிலும், தமிழ்க் கல்வியையும் குலத்திற்குரிய நல்லொழுக்கங்களையும் அவர்கள் கைவிட்டாரில்லை. தந்தையாரிடத்தே தமிழின் தொடக்கப் பாடங்களைக் கேட்ட வேதநாயகம், பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் நீதிஸ்தல மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராஜ பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். ஒரு பாஷையில் எழுதியதை மற்றொரு பாஷையிற் பொருள் வழுவாமற் பெயர்க்க வேண்டுமானால் இரண்டிலும் உண்மையாக இருத்தல் வேண்டும். அவ்வுண்மையை அவர் இளமையில் ஆசிரியரிடத்தே கண்டு கற்றார் என்றே நாம் கருதுகிறோம்; அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அதற்குச் சான்று பகர்கின்றது.

இளமையிலேயே திருச்சிராப்பள்ளி நீதிஸ்தலத்தில் ஆவணங்களைக் காக்கும் உத்தியோகத்தில் அமர்ந்து, பின்பு அங்கேயே மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். அக்காலத்து நீதிஸ்தலங்களின் நிலையை நம்மில் முதியோர் தம் பாட்டனார் வாய்க் கேட்டிருப்பர். மேலே அமர்ந்திருந்த ஆங்கிலத் துரைக்கு ஊர்ப் பாஷை நன்கு விளங்காது. கீழே நின்ற குடியானவனுக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. இருவருக்கும் இடையே நின்றவன் மொழிபெயர்ப்பாளன். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறும். ஒரு காகிதத்தை மறைத்தால் ஓர் ஏழையின் வழக்கு அழிந்துபோகும். எனவே அத்தகைய இடங்களில் கையூட்டுக் கொடுப்பாரும் வாங்குவாரும் நிறைந்திருந்ததில் வியப்பில்லை. அச்சேற்றிடையே நின்றும் சேறு படாது நின்றவர் வேதநாயகம் பிள்ளை.

நீதியும் நீதிநூலும்

1857-ஆம் ஆண்டில் அவர் தரங்கம்பாடியில் முன்சீபாக நியமனம் பெற்றார். தரங்கம்பாடி நெடுங்காலம் டேனிஷ்காரர் வசமிருந்து 1845-இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்ட துறைமுகப் பட்டினம். லுத்தரன் சபையாரின் பழைய நிலையம். அங்குச் சில காலம் இருந்தபின் சீகாழிக்கும், அதன்பின் மாயூரத்திற்கும் மாற்றப்பெற்றார். இந்நாளில் மயிலாடுதுறை என வழங்கும் அம்மாயூரத்தில் அவர் பல்லாண்டுகள் நீதி செலுத்தி, அவ்வூர்ப் பெயரே தம் பெயருக்கு முன்னடையாகும்படி வாழ்ந்தார்.

அவர் இயற்றிய நீதிநூல் 1859-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கடவுளை வணங்கல், பெற்றோரைப் பேணல், பொய்யாமை, களவு செய்யாமை, சோம்பலின்மை என ஒவ்வொரு பொருளையும் தனித்தனி அதிகாரமாக வகுத்துப் பாடிய அந்நூலிலே கைக்கூலியின் தீமையைப் பற்றியும் ஓர் அதிகாரம் உண்டு. கைக்கூலி வாங்குதல் பாவம் என்று துறவிகள் சொல்வது எளிது. அவரிடம் ஒருவரும் கைக்கூலி கொண்டுவருவதில்லை. நாடோறும் வழக்காளிகள் சூழ்ந்திருக்கும் ஒரு நியாயாதிபதி அச்சிட்டு ஊரார் கையில் கொடுப்பாராயின், தம்மையே அளக்கும் கோலைத் தாமே ஊராரிடம் ஒப்புவித்தவர் ஆகின்றார். பிழை செய்தால் அவர் பாட்டைக் கொண்டே அவரை இகழ்ந்திருப்பர். அவ்வாறு இகழப்பெறாமல் உத்தியோக காலம் முழுவதும் வாழ்ந்தமையே அந்நூலுக்கு வாய்த்த சிறந்த உரை என்க.

தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால் எதனால் வென்றோம், எதனால் தோற்றோம் என்பதே அறியாது மயங்கிய ஜனங்களின் துன்பத்தை அவர் நேரிற் கண்டார். ஆதலின் ஸதர் நீதிஸ்தலத்துத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழிற் பெயர்த்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சட்டம் என்பது கற்றவர் சிலருடைய தனியுடைமை அன்று, அதற்குக் கட்டுப்பட்டோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது என்ற கொள்கை அதன் அடிப்படை. வேதியரும் வித்துவான்களும் அவரைப் பாடலாசிரியராகவே போற்றுகின்றனர். நாமோ, பயன் கருதாது செய்த இச்சட்டப் பணியையும் ஓர் அறமாகவே எண்ணுகிறோம்.

நட்பின் திறம்

கிறிஸ்தவராகிய இவர்க்கும் சைவப் பெரும்புலவராகிய திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் இருந்த நட்பு தமிழுலகம் அறிந்தது. முன்சீப் சீகாழியில் இருந்த நாட்களில் மகாவித்துவான் அங்கு வந்து தங்கியதும், சீகாழிக்கோவை அரங்கேறியபோது முன்சீப் உடனிருந்து மகிழ்ந்ததும், வேதநாயகரையே பாட்டுடைத் தலைவராக்கி மகாவித்துவான் குளத்துக்கோவை பாடியதும் வரலாறு. திருநீறு அணிந்த நெற்றியும் சிலுவையை வணங்கிய நெற்றியும் ஒரே சுவடியின்மேற் குனிந்திருந்த அக்காட்சியை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் குளிர்கின்றது. ஒருவர் மற்றவரைத் தம் மார்க்கத்திற்கு இழுக்க முயன்றாரில்லை. ஒருவரும் தம் மார்க்கத்தை விட்டுக் கொடுத்தாருமில்லை.

இதனை ஈண்டு விதந்து கூறுவதற்குக் காரணம் உண்டு. சமரசம் பேசுவோருட் சிலர் தம் சமயத்தில் உறுதியற்றவராக இருத்தலும், சமயத்தில் உறுதியுடையோருட் சிலர் பிறரை வெறுத்தலும் நாம் காணாதன அல்ல. வேதநாயகர் இவ்விரு குறையும் இல்லாதவர். தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை, திருவருளந்தாதி, பெரியநாயகியம்மாள் பதிகம் என்னும் பக்தி நூல்களிலே அவருடைய கத்தோலிக்க விசுவாசம் தெளிவாகத் தோன்றும். அவரே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றி 1878-இல் வெளியிட்டார். கடவுளை எந்தச் சமயத்தாரும் தம் வாயாற் பாடித் துதிக்குமாறு அமைந்தவை அவை. சங்கீத வித்துவான்கள் அவற்றைப் பல மேடைகளிற் பாடிவந்தனர். கடவுட் பாடல்களோடு, உத்தியோகத்தின் தொல்லை, வழக்கின் கேடு, கைக்கூலி முதலிய நாள்வாழ்வுச் செய்திகளும் அக்கீர்த்தனைகளில் இடம்பெற்றன. கோயிலில் வணங்கும் கடவுளைக் கச்சேரியில் மறந்துவிடலாகாது என்பது அவர் கொள்கைபோலும்.

தாது வருஷத்துப் பஞ்சம்

1872-ஆம் ஆண்டில் அவர் முன்சீப் உத்தியோகத்தினின்று விலகினார். உத்தியோகத்தை விட்டபின் ஓய்வாக இருந்து நூலெழுதுவதே பெரும்பாலோர் செய்யத்தக்கது. அவர்க்கோ வாழ்நாளின் பெருஞ்சோதனை அதன் பின்னரே வந்தது.

1876-ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டிலும் வேண்டுமளவு பெய்யவில்லை. சென்னை இராஜதானி முழுவதும் கொடிய க்ஷாமம் சூழ்ந்தது. அதனை நம் முன்னோர் தாது வருஷத்துப் பஞ்சம் என்று பெயரிட்டு வழங்கினர். அப்பெயரைச் சொல்லும்போதே கிழவர்களின் குரல் தாழ்ந்துபோகும். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னாட்டில் மாண்டவர் தொகை ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டதென்று மதிப்பிட்டிருக்கின்றனர். நாட்டில் தானியமே இல்லாமையால் மட்டும் இத்தனை பேர் மடிந்தாரில்லை. தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது. விலை ஏறி, வேலை அற்று, வாங்குவதற்குக் கையிற் காசில்லாமையால் மடிந்தவரே பெரும்பாலர். 1877 ஜனவரி முதல் நாள் டில்லியில் விக்டோரியா மகாராணியாரைச் சக்கரவர்த்தினியென்று சாற்றிய தர்பார் வெகு ஆடம்பரமாக நடந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், பஞ்ச நிவாரண வேலை செய்யும் ஏழைகளின் கூலி, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பாரின் யோசனைப்படி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அளவாகக் கொண்டு குறைக்கப்பட்டது. உழைக்கும் உடலுக்கு அது போதாதென்று சென்னைச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடிய பின்னரே கூலி உயர்ந்தது. அதற்குள் மாண்டவர் மாண்டனர்.

காவிரி பாயும் தஞ்சை நாடு மற்ற ஜில்லாக்களைப்போல அத்துணை வறண்டதில்லை. ஆனால் அந்நிலையே வேறொரு துன்பத்தைக் கொணர்ந்தது. சோறுடைய நாடென்று கேள்வியுற்றுப் பிற இடங்களினின்றும் பசித்தோர் திரள் திரளாக வந்து சேர்ந்தனர். சாலையோரங்களிலும் சத்திரத்துத் திண்ணைகளிலும் எலும்புருவாய் விழுந்து கிடந்தோர்க்கு உறவென்று ஒருவரும் இலர். இத்தகைய காலத்தில் உடையவர் மனம் இருவழிப்படும். இருப்பதைப் பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பது ஒரு வழி. கதவைத் திறந்துவிடுவது மற்றொரு வழி. நடுவழி ஒன்று உண்டென்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் பூட்டுகின்றவனுடைய சமாதானமே.

வேதநாயகம் பிள்ளை கதவைத் திறந்தார். கஞ்சி காய்ச்சி ஊற்றச் செய்தார். தம் கைப்பொருளை அக்கஞ்சித் தொட்டிகளிலே கரைத்தார். பெருநிலக்கிழாரோ மடாதிபதியோ அல்லர் அவர். உத்தியோகத்தில் நேர்மையாக ஈட்டிச் சேர்த்ததே அவர் செல்வம். கைக்கூலி வாங்காத முன்சீபின் சேமிப்பு எவ்வளவு இருக்கும் என்பதை அன்பர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம். அத்தகைய சிறு முதலை, மக்களையும் குடும்பத்தையும் உடைய ஒருவர் முன்பின் பாராது செலவிட்டாரென்றால், அது மிகுதியிலிருந்து எடுத்துக் கொடுத்த தானம் அன்று. வாழ்வையே எடுத்துக் கொடுத்த தானம். பஞ்சத்தின் கொடுமையைக் கீர்த்தனைகளாகப் பாடி இறைவனிடம் முறையிட்டார். முறையிட்டுவிட்டுச் சும்மா இருந்தாரில்லை. பசித்தவனுக்கு உணவிடுதல் கடவுளுக்கே இட்ட உணவாகும் என்பதும், கடைசித் தீர்வை நாளில் மனிதன் கேட்கப்படும் கேள்வி அதுவே என்பதும் கத்தோலிக்க வேதத்தின் உபதேசம். அவர் பிறர் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்னவர். தம் வழக்கும் ஒருநாள் விசாரணைக்கு வரும் என்பதை மறவாதவர்.

அப்பஞ்ச காலத்தில் திருவாவடுதுறை ஆதீனத்துத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகர் ஏழைகளுக்கு அன்னமிட்டுக் காத்தார். அதனைக் கேள்வியுற்ற வேதநாயகர் மனமுருகி அவரைப் பாராட்டிப் பாடல்கள் இயற்றினார். கிறிஸ்தவர் ஒருவர் சைவ மடாதிபதியைப் பாடுவதாவது என்று எவரேனும் முகம் சுளித்திருப்பின், பசித்தவன் வயிறு சமயம் பார்ப்பதில்லை என்பதே அதற்கேற்ற விடை. மறுபுறத்தில், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிப் புகழ்பெற்ற சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார், வேதநாயகரின் கொடையைக் கண்டு வியந்து அவர்மீது ஒரு கீர்த்தனம் பாடினார். கோடியில் ஒருவர்க்கும் கிடைத்தற்கரிய இப்பாராட்டுக்கு அவர் செலுத்திய விலை தம் ஆஸ்தி முழுவதும்.

மாயூரம் நகரசபைத் தலைவராகவும் அவர் பணியாற்றினார். ஊர்த் தொண்டு அவர்க்குப் பதவியோடு வந்து பதவியோடு போனதன்று.

பெண்கல்வியும் தமிழ் வசனமும்

அவர் செய்த மற்றொரு பெருந்தொண்டு பெண்கல்வி பற்றியது. 1869-ஆம் ஆண்டில் பெண்மதிமாலையை வெளியிட்டு, பெண்பாலார்க்குக் கல்வி இன்றியமையாததென்று வாதாடினார். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று நம் வீடுகளில் ஐயமின்றி நம்பிய காலம் அது. அந்நூலில் மனைவியர்க்கு அவர் கூறிய சில ஒழுக்க விதிகள் இக்காலத்துப் பெண்மணிகளுக்கு இறுக்கமாகவே தோன்றும். அதனை மறைப்பதில் பயனில்லை. தம் காலத்தினும் பலபடி முன்சென்றவரும் காலத்தின் கயிற்றை முற்றும் அறுத்துவிடுதல் இயலாது. ஆயினும் அவர் திறந்துவிட்ட வாயிலின் வழியேதான் பின்வந்தோர் மேலும் முன்சென்றனர்.

1879-இல் அச்சேறிய பிரதாப முதலியார் சரித்திரம் தமிழில் தோன்றிய முதல் நாவல். செய்யுளே இலக்கியம் என்றிருந்த நாளில், கற்றாரும் மற்றாரும் இன்பமாகப் படிக்கத்தக்க வசனகாவியம் தமிழில் இல்லையே என்ற குறையை நீக்க அவர் அதனை எழுதினார். கதைத் தலைவன் பிரதாப முதலியாராயினும், கதையைத் தாங்கி நிற்பவள் அவன் மனைவி ஞானாம்பாள். அறிவினாலும் துணிவினாலும் கணவனைக் காத்து, ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே நீதியாக ஆள்கின்றாள் அவள். தமிழரே வழக்காளியாகவும் தமிழரே நியாயாதிபதியாகவும் இருக்கும் கச்சேரியில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிப்பதை அந்நூலிலே அவர் எள்ளி நகையாடியிருத்தலையும் காணலாம். நூற்றாண்டு கடந்தும் அந்நகைச்சுவை நம்மைச் சுடுகின்றது. 1887-இல் சுகுணசுந்தரி என்ற மற்றொரு நாவலையும் வெளியிட்டார்.

இத்தனைக்கும் அவர் இல்வாழ்வு துன்பமற்றதன்று. மனைவியை இழக்கும் துயரை ஒருமுறைக்கு மேலும் அனுபவித்தார். துக்கத்தைத் தாங்கினார்; கடவுளை நொந்தாரில்லை. 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் நாள், அறுபத்திரண்டாம் வயதில், இறைவன் திருவடி சேர்ந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்களே! இப்பெரியார் நம் குடியிற் பிறந்தவர் என்று பெருமை கொள்ள நமக்கு உரிமை உண்டோ என்பதை ஒரு கணம் ஆராய்வோம். அவர் பிறப்பிலே நம்மவர். வாழ்விலே எல்லார்க்கும் உரியவர். நம் வகுப்பார் மட்டும் உண்ணுக என்று அவர் கஞ்சி காய்ச்சியிருப்பாராயின் அவர் பெயர் மாயூரத்தெல்லையைத் தாண்டியிராது. குலத்தின் பெருமை குலத்திற்குள் அடங்காமையினாலேயே வளர்கின்றது. இது சங்கம் வைத்து வாழும் நாம் என்றும் மறக்கலாகாத உண்மை.

பஞ்சம் என்பது மழை பொய்த்தால் மட்டும் வருவதன்று. நம் தெருவிலேயே கணவனை இழந்து பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்திற்கு வழியறியாது நிற்பவளுக்கு இன்றே தாது வருஷம். நோயுற்ற முதியோரை வைத்துக்கொண்டு மருந்துக்குக் கடன் தேடும் இல்லத்தார்க்கும் இன்றே தாது வருஷம். பாகப்பிரிவினைக்காக உடன்பிறந்தாரோடு கச்சேரிப் படியேறிச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு அவர்கள் வாயிலை எட்டுமாயின் எத்தனை நன்மை விளையும்! வழக்கின் கேட்டை வாழ்நாளெல்லாம் கண்ட முன்சீப் நமக்குச் சொல்லக்கூடிய புத்தி இதுவாகத்தான் இருக்கும்.

நம்முட் சிலர் சிவாலயத்திற்கும் சிலர் மாதா கோயிலுக்கும் செல்வோர். செல்லும் வழி வேறாயினும், திரும்பி வரும் வழியில் பசித்தவன் ஒருவன் நம் எல்லார் கண்ணிலும் படுகின்றான். அவனைக் கடந்து போகாமல் நிற்கும் மனத்தை ஆண்டவன் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக.